நூல் பிரித்த தொப்பி

கொலம்பஸுக்கு வந்து சேர்ந்த முதல் வருடம். நவம்பர் குளிரில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக வளாகம் வழியாக நடந்து போனபோது, பெயர்ப்பலகைகளில் ஓர் எழுத்து மட்டும் அடிக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். சிவப்பு டேப்பைப் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே ஒட்டியிருந்தார்கள். ஒரு பலகையில் மட்டும் என்றால் பையன்கள் சேட்டை என்று போயிருப்பேன். கட்டடப் பெயர், பார்க்கிங் அறிவிப்பு, வழிகாட்டும் அம்புக்குறி என்று எங்கே பார்த்தாலும் ஆங்கில 'எம்' எழுத்துக்கு மட்டும் தடை. மறுநாள் அலுவலகத்தில் கேட்டேன். "மிச்சிகன் வாரம்" என்றார்கள், இன்றைக்கு அமாவாசை என்று சொல்வதுபோல.

பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் உட்காரவைத்து விளக்கினார். எழுபதுகளில் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பக்கத்து மாநிலமான மிச்சிகனோடு நடக்கும் ஃபுட்பால் ஆட்டம்தான் இந்த ஊருக்கு வருடத்தின் உச்சம். அந்தப் பகையைக் கொழுந்துவிட்டு எரிய வைத்தவர், ஒஹாயோ ஸ்டேட் அணியின் பயிற்சியாளராக இருந்த வுடி ஹேய்ஸ். அவர் மிச்சிகன் என்ற பெயரையே வாயால் சொல்ல மாட்டாராம். 'வடக்கே இருக்கிற அந்த மாநிலம்' என்பாராம், நம் ஊரில் சில பெண்கள் மாமியார் பெயரைச் சொல்லாமலே காலம் தள்ளியதுபோல. ஒருமுறை அணிக்கு ஆள் சேர்க்க அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது காரில் பெட்ரோல் தீரப் பார்த்திருக்கிறது. உடன் வந்த உதவிப் பயிற்சியாளர் பங்கில் நிறுத்தலாம் என்று சொல்ல, "எல்லை வரைக்கும் காரைத் தள்ளிக்கொண்டு போனாலும் போவேனே தவிர, இந்த மாநிலத்துக்கு ஒரு பைசா வரி கொடுக்க மாட்டேன்" என்றாராம். இந்தக் கதையில் எவ்வளவு நிஜம், எவ்வளவு மசாலா என்று கேட்காதீர்கள். கொலம்பஸில் அதைக் கேட்பது அநாகரிகம்.

பெரியவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார். நானும் சிரித்தேன். அன்றிரவு வீட்டுக்கு வந்து யூடியூபில் அந்தப் பெயரைத் தட்டினேன். முதலில் வந்த வீடியோவில், வெள்ளைத் தலையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு கிழவர், எதிரணிப் பையன் ஒருவனின் கழுத்தில் குத்திக்கொண்டிருந்தார்.

அந்த வீடியோவுக்கு அப்புறம் வருகிறேன்.

இவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நாம் சொல்லும் ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதும் ஆட்டம். நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நான்கு முயற்சி கிடைக்கும். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடலாம், அல்லது முன்னால் ஓடும் ஆளுக்கு எறியலாம். ஆட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் இந்தக் கட்டுரைக்குப் போதும். ஊரைப் பற்றித் தெரிய வேண்டியது கொஞ்சம் அதிகம். ஒஹாயோ ஸ்டேட்டின் மைதானம் 1922-இல் திறந்தது. குதிரை லாடம் வடிவத்தில் இருப்பதால் அதற்கு லாடம் என்றே செல்லப் பெயர். இன்று 1 லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். ஆடுபவர்கள் கல்லூரி மாணவர்கள். ஹேய்ஸ் காலத்தில் அவர்களுக்குப் படிப்புச் செலவைத் தாண்டிச் சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. மாணவர்கள் நான்கு வருடத்தில் போய்விடுவார்கள், பயிற்சியாளர் இருப்பார். அதனால் ஊரின் பக்தி முழுக்கப் பயிற்சியாளர் மேல்தான் விழும். கோபமும்தான். ஹேய்ஸ் வருவதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு வருடங்களில் இந்த வேலைக்கு ஐந்து பேர் வந்து போயிருந்தார்கள். பயிற்சியாளர்களின் சுடுகாடு என்றே அந்தப் பதவிக்குப் பெயர்.

அந்தச் சுடுகாட்டில் 1951-இல் வந்து உட்கார்ந்தவர் 28 வருடம் எழுந்திருக்கவில்லை. 205 வெற்றி, 61 தோல்வி, 10 சமன். பிக் டென் என்ற வட்டாரக் கூட்டமைப்பில் 13 பட்டங்கள். தேசியச் சாம்பியன் பட்டம் 1954, 57, 61, 68, 70 என்று ஐந்து. ஒவ்வொரு வருடமும் ஒரு வருட ஒப்பந்தம்தான் போட்டுக்கொள்வார்.

வேய்ன் வுட்ரோ ஹேய்ஸ் 1913-இல் காதலர் தினத்தன்று பிறந்தவர். அவருடைய முகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தகவல் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். அப்பா ஒஹாயோவின் ஒரு சிற்றூரில் பள்ளிக் கண்காணிப்பாளர். மகன் டெனிசன் கல்லூரியில் வரலாறும் ஆங்கிலமும் படித்து, பள்ளி ஆசிரியராகி, இரண்டாம் உலகப் போரில் கடற்படைக்குப் போய்க் கப்பல்களுக்குத் தலைமை தாங்கினார். திரும்பி வந்து டெனிசனிலும், மயாமி என்ற இன்னொரு கல்லூரியிலும் (ஃப்ளோரிடா மயாமி இல்லை, இதுவும் ஒஹாயோதான்) பயிற்சியாளர். பிறகு கொலம்பஸ். வாழ்நாள் முழுக்கப் போர் வரலாற்றைப் படித்துக்கொண்டே இருந்தார். ஆட்டத்தையும் தரைப்படை நகர்வு மாதிரிதான் நடத்தினார். பந்தை எறிவது அவருக்குப் பிடிக்காது. எறிந்தால் மூன்று விஷயம் நடக்கலாம், அதில் இரண்டு மோசமானவை என்ற வாசகத்தை அவர் பெயரில்தான் இங்கே சொல்வார்கள். டெக்ஸஸ்காரர்கள் அதைத் தங்கள் பயிற்சியாளர் சொன்னதாகச் சொல்வார்கள். ஹேய்ஸின் அணி பந்தை இடுக்கிக்கொண்டு நேராக முட்டும். மூன்று கெஜம் முன்னேறும். மறுபடி முட்டும். 'மூன்று கெஜம், ஒரு புழுதி மண்டலம்' என்று அந்தப் பாணிக்குப் பெயர் வைத்தார்கள். பார்க்க அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள்.

அவருடைய கோபம் ஒரு தனி நிகழ்ச்சி. பயிற்சியில் யாராவது தப்பு செய்தால் தொப்பியைக் கழற்றிக் கையாலேயே இரண்டாகக் கிழிப்பார். கைக்கடிகாரத்தைத் தரையில் போட்டு மிதிப்பார். கண்ணாடியை நொறுக்குவார். தன் கையைத் தானே கடித்துக்கொள்வார். தன் ஆட்டக்காரர்களைக் குத்தவும் செய்வார். கொட்டும் பனியில் அரைக்கைச் சட்டையோடு நிற்பார், குளிர் தனக்கு உறைக்காது என்று பையன்களுக்குக் காட்ட.

இதில் என்னைப் பிடித்துக்கொண்டது தொப்பிதான். பேஸ்பால் தொப்பியைக் கையால் கிழிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை; வீட்டில் ஒரு பழைய தொப்பியை எடுத்து முயன்று பார்த்தேன், விரல்தான் வலித்தது. அவரோடு இருந்தவர்கள் பின்னாளில் ரகசியத்தை உடைத்தார்கள். பயிற்சிக்கு வருவதற்கு முன்பே பிளேடு வைத்துத் தையலைக் கொஞ்சம் பிரித்துவைத்துக்கொள்வாராம். நேரம் வரும்போது டர்ரென்று கிழியும்.

இதைப் படித்த இடத்தில் எனக்கு எங்கள் பி.டி. சார் ஞாபகம் வந்துவிட்டார்.

நான் படித்த பள்ளியின் பெயர் வேண்டாம். தென்மாவட்டத்துச் சின்ன ஊர். பி.டி. சார் மைதானத்துக்குள் வந்தால் வேப்பமரத்துக் காக்கா கூட இடம் மாறி உட்காரும். கழுத்தில் விசில், கையில் பிரம்பு. சில நாள் பிரம்பை ஓங்கித் தன் கால்சட்டையிலேயே சுளீரென்று அடித்துக்கொள்வார். அந்தச் சத்தத்துக்கே ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் வரிசையில் நிற்கும். அது நடிப்பு என்பது பத்தாவது வந்தபோது எங்களுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நடிக்காத நாள்களும் உண்டு. எந்த நாள் எது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாது. அவருக்கே முடிந்ததா என்று இப்போது யோசிக்கிறேன்.

எங்கள் ரிலே அணியில் கடைசி ஓட்டம் ஓடியவன் அப்பா இல்லாத பையன். வெறுங்காலில் ஓடுவான். மண்டலப் போட்டிக்கு முந்தைய வாரம் சார் தன் சொந்தக் காசில் அவனுக்கு வெள்ளைக் கான்வாஸ் ஷூ வாங்கி வந்தார். எல்லார் முன்னாலும் கொடுக்கவில்லை. ஸ்போர்ட்ஸ் ரூமுக்குள் கூப்பிட்டுக் கொடுத்தார். அதே வாரம், பேட்டனைத் தவறவிட்டதற்காக அதே பையனைக் கன்னத்தில் அறைந்தார். அவன் சுருண்டு சுண்ணாம்புக் கோட்டின் மேல் விழுந்தான். எழுந்தபோது ஒரு பக்கம் முகமெல்லாம் வெள்ளை. நாங்கள் சிரித்தோம். அவனும் சிரித்தான்.

சரி, ஹேய்ஸுக்கு வருவோம். அவரை வெறும் முரடன் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம் என்றால் கொலம்பஸ் விடாது. இந்த ஊரில் ஒரு குறிப்பிட்ட வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் அவரைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார்கள். பாதிக்கு மேல் ஆஸ்பத்திரிக் கதைகள். ராத்திரி நேரத்தில் யாருக்கும் சொல்லாமல் போய், முன்பின் தெரியாத நோயாளிகளின் கட்டிலோரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார். பத்திரிகையில் போடக்கூடாது என்பார். சம்பள உயர்வு கொடுத்தால் வேண்டாம் என்று உதவியாளர்களுக்குத் திருப்பிவிடுவார். புதிதாக வரும் ஆட்டக்காரர்களுக்கு ஆங்கிலச் சொல்வளத்தைத் தானே வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுத்தார். வியட்நாம் போர் நடந்தபோது நான்கு முறை அங்கே போய்ப் படைவீரர்களைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்ததும் அவர்கள் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டு, "உங்கள் பையனைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறான்" என்று சொன்னார். தொலைபேசியில் அந்தக் குரலைக் கேட்ட ஓர் அம்மாவுக்கு அவர் எத்தனை தொப்பி கிழித்தார் என்பதா முக்கியம்?

அவருடைய முதல் பெரிய சர்ச்சையே இந்தத் தாராளத்தால் வந்ததுதான். 1955-இல் பத்திரிகைக்காரர் ஒருவரிடம் பேசும்போது, கஷ்டப்படும் ஆட்டக்காரர்களுக்குத் தன் கையிலிருந்து பணம் கொடுப்பதுண்டு என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தனக்குக் கிடைத்த பணம் அது. விதிப்படி குற்றம். பிக் டென் விசாரித்து, 1956-இல் ஒஹாயோ ஸ்டேட்டை ஒரு வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. சாப்பாட்டுக்கும் துணிக்கும் இல்லாத பையனுக்குக் காசு கொடுத்ததற்குத் தண்டனை. 80 ஆயிரம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஆட்டத்தில் ஆடுகிறவனுக்குக் காசு கொடுக்கக்கூடாது என்பதே ஓர் அபத்தம் என்று நினைக்கிறேன். அந்த அபத்தம் கிட்டத்தட்ட இன்னும் 65 வருடம் நீடித்தது. 2021-இல்தான் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது. இந்த ஒரு விஷயத்தில் நான் ஹேய்ஸ் கட்சி.

அவர் ஆட்களில் மிகப் பெரிய பெயர் ஆர்ச்சி கிரிஃபின். 1972-இல் முதலாண்டு மாணவனாக முதல் முறை பந்தைத் தொட்டபோதே கைநழுவவிட்டான். பேட்டன் தவறிய கதை மாதிரிதான். ஆனால் அடுத்த ஆட்டத்திலேயே ஹேய்ஸ் அவனை மறுபடி இறக்கினார். வடக்குக் கரோலினாவுக்கு எதிராக 239 கெஜம் ஓடினான். கல்லூரி ஃபுட்பாலின் உச்ச விருதான ஹைஸ்மனை 1974, 75 என்று இரண்டு முறை வாங்கிய ஒரே ஆள் அவர்தான். குட்டையாக இருந்த ஒரு கறுப்பினப் பையனை, முதல் தொடுகையிலேயே சறுக்கியவனை, மறுவாரமே நம்பி இறக்கினாரே, அந்தக் கண்தான் ஹேய்ஸின் உண்மையான திறமை. ஆட்ட வியூகமெல்லாம் அதற்கு அப்புறம்.

இன்னொரு பையனையும் அவர்தான் வளர்த்தார். போ ஷெம்பெக்லர். மயாமியில் அவரிடம் ஆடியவர், கொலம்பஸில் அவருக்கு உதவியாளர். 1969-இல் அதே ஷெம்பெக்லர் மிச்சிகனின் பயிற்சியாளராகப் போனார். போன முதல் வருடமே, தொடர்ந்து 22 ஆட்டம் ஜெயித்திருந்த குருவின் அணியை 24–12 என்று கவிழ்த்தார். ஹேய்ஸ் வாழ்க்கையில் ஆற மறுத்த தோல்வி அது. அதற்கு முந்தைய வருடம் மிச்சிகனை 50–14 என்று நசுக்கியபோது, ஆட்டம் கையில் இருந்தும் கடைசியில் கூடுதலாக இரண்டு புள்ளிக்கு முயன்றார் ஹேய்ஸ். ஏன் என்று கேட்டதற்கு, "மூன்று புள்ளி கேட்க விதி இல்லையே" என்றதாக ஊர் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறது. 1969 முதல் 1978 வரை இந்த இருவரும் மோதியதைப் பத்தாண்டுப் போர் என்பார்கள். கணக்குப் பார்த்தால் சிஷ்யனுக்கு ஐந்து, குருவுக்கு நான்கு, ஒன்று சமன்.

அந்தப் போர் ஆண்டுகளில்தான் தொப்பி போதாமல் போனது.

சொல்லப்போனால் அதற்கு வெகு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. 1959-இல் லாஸ் ஏஞ்சலஸில் தோற்ற இரவு, உடைமாற்றும் அறையருகே ஒரு பத்திரிகைக்காரரை நோக்கிக் கையை வீசினார். குறி தப்பி வேறு ஆள்மேல் விழுந்தது. 1971-இல் மிச்சிகனிடம் 10–7 என்று தோற்றுக்கொண்டிருந்தபோது, நடுவர் தீர்ப்பில் கொதித்துப்போய் மைதானத்துக்குள் ஓடி, ஓரத்தில் இருந்த அளவுக் கம்பத்தைப் பிடுங்கிச் சிதைத்துப்போட்டார். 1973 புத்தாண்டு தினம், ரோஸ் பௌல் என்ற பருவ இறுதி ஆட்டத்துக்கு முன்னால், படமெடுக்க நெருங்கிய புகைப்படக்காரரின் கேமராவை அவர் முகத்திலேயே வைத்து அழுத்தினார். வழக்கு வரை போய், பிறகு கைவிடப்பட்டது. 1974-இல் மாரடைப்பு. பிழைத்து வந்து மறுபடி அதே ஓரக் கோட்டில் நின்றார். 1977-இல் மறுபடி மிச்சிகன், மறுபடி தோல்வி. முக்கியமான நேரத்தில் பந்து கைநழுவியதைப் பார்த்துத் தலையில் கைவைத்த அவர் முகத்தைப் படம்பிடித்துக்கொண்டிருந்த ஏபிசி தொலைக்காட்சியின் கேமராமேனைப் பாய்ந்து அடித்தார்.

ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு கண்டனம், ஒரு எச்சரிக்கை, சில சமயம் அதுகூட இல்லை. அப்புறம் வேடிக்கைக் கதை. 'வுடி அப்படித்தான்' என்ற ஒரு வாக்கியம். நம் வீடுகளில் 'அப்பா சுபாவம் அப்படி' என்று அம்மாக்கள் சொல்வார்களே, அதேதான். அடுத்த செப்டம்பரில் மைதானம் நிரம்பிவிடும். பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாகத் தையலைப் பிரித்துக்கொடுத்தது அவர் மட்டும் இல்லை.

இப்போது அந்த வீடியோ.

1978 டிசம்பர் 29, ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில். கேட்டர் பௌல் என்ற இன்னொரு பருவ இறுதி ஆட்டம். எதிரணி தெற்குக் கரோலினாவின் கிளெம்சன். ஒஹாயோ ஸ்டேட்டுக்கு அந்த வருடம் சுமாராகத்தான் போனது. 65 வயதான ஹேய்ஸ், எறிதலில் கெட்டிக்காரனான ஆர்ட் ஷ்லிக்டர் என்ற முதலாண்டுப் பையனைக் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவனாக, இறக்கியிருந்தார். கிளெம்சன் 17, ஒஹாயோ 15. சுமார் இரண்டு நிமிடம் பாக்கி. ஒஹாயோ கையில் பந்து. இன்னும் கொஞ்சம் முன்னேறி உதைத்தால் மூன்று புள்ளி, வெற்றி. வாழ்நாளெல்லாம் முட்டி மோதி முன்னேறிய அணி அந்த நேரத்தில் பந்தை எறிந்தது. சார்லி பாமன் என்ற கிளெம்சன் தடுப்பாளன் அதைப் பிடித்துக்கொண்டு ஓடி, ஒஹாயோ அணி நிற்கும் ஓரத்தில் கோட்டைத் தாண்டித் தள்ளப்பட்டான். எறிந்தால் நடக்கக்கூடிய மூன்றில் மோசமான ஒன்று.

வீடியோ மங்கல். நிறமெல்லாம் கரைந்து கிடக்கிறது. பாமன் தரையிலிருந்து எழுந்திருக்கிறான், பந்து இன்னும் கையில்.  அவன் கழுத்துப் பட்டையை ஹேய்ஸின் ஒரு கை பிடிக்கிறது, இன்னொரு கை வளைந்து வந்து தொண்டைப் பக்கம் இறங்குகிறது. ஹெல்மெட்டும் தோள் கவசமும் போட்ட பையனுக்கு உடம்பு பெரிதாக வலித்திருக்காது. அவன் திருப்பி அடிக்கவில்லை. நான் பார்த்தவரைக்கும், என்ன நடந்தது என்றே புரியாமல் ஒரு கணம் நிற்கிறான். அதற்குள் இரு பக்கத்துப் பையன்களும் பாய்ந்துவிடுகிறார்கள். ஹேய்ஸை இழுத்துப் பிடிக்க வந்த அவருடைய சொந்த ஆட்டக்காரன்மேலும் அடி விழுகிறது. தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் அந்தக் குத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தாங்கள் பார்த்தது நிஜம்தானா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

மறுநாள் காலையிலேயே வேலை போய்விட்டது. போகச் சொன்னவர் ஹியூ ஹிண்ட்மன், பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் இயக்குநர். மயாமியில் ஹேய்ஸிடம் ஆடியவர், பிறகு அவரிடமே உதவியாளராக இருந்தவர். 28 வருடத்தில் யாரும் போடாத கோட்டைக் கடைசியில் போட வேண்டி வந்தது ஹேய்ஸ் வளர்த்த ஒரு பையனுக்குத்தான். அந்த இரவை நினைத்தால் எனக்கு ஹேய்ஸைவிட ஹிண்ட்மன்மேல்தான் பரிவு வருகிறது.

ஹேய்ஸுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அன்று சர்க்கரை அளவு தாறுமாறாக இருந்திருக்கும் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரும் அந்தக் கட்சி. எனக்கும் சுகர் உண்டு. சாப்பிடாமல் இருந்தால் எரிச்சல் வரும், கை நடுங்கும், மனைவியிடம் வள்ளென்று விழுவேன். அதனால் அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் 1959-இலும், 71-இலும், 77-இலும் சர்க்கரைதானா?

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த ஊரின் குணம். அவரை யாரும் ஒதுக்கவில்லை. வளாகத்திலேயே ராணுவப் பயிற்சித் துறைக் கட்டடத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். 1983-இல், பேண்டு வாத்தியக் குழு மைதானத்தில் அணிவகுத்து ஒஹாயோ என்று ஆங்கிலத்தில் கோர்த்தெழுதும்போது, 'ஐ' எழுத்தின் புள்ளியாகப் போய் நிற்கும் மரியாதையை அவருக்குத் தந்தார்கள். பேண்டில் இல்லாத ஒருவருக்கு அது லேசில் கிடைப்பதில்லை. 1986-இல் பட்டமளிப்பு விழாவில் கௌரவ முனைவர் பட்டம். அன்று பேசும்போது குரல் உடைந்தது. நமக்கு உதவியவர்களுக்குத் திருப்பிச் செய்ய முடிவதில்லை, அடுத்து வருகிறவர்களுக்குச் செய்யத்தான் முடியும் என்று எமர்சனை எடுத்துச் சொன்னார். அதைத்தான் பல்கலைக்கழகம் இன்றும் எல்லா நன்கொடைக் கடிதத்திலும் போடாத குறையாகச் சொல்கிறது. 1987 மார்ச் 12-இல் இறந்தபோது, இரங்கல் உரை ஆற்ற முன்னாள் அதிபர் நிக்சன் வந்தார். முதல் சந்திப்பில் தனக்கு ஃபுட்பால் பேச ஆசை, வுடிக்கு வெளியுறவுக் கொள்கை பேச ஆசை, கடைசியில் வெளியுறவுக் கொள்கைதான் பேசினோம் என்றார். அதிலும் வுடிதான் ஜெயித்தார்.

மைதானத்தை ஒட்டிய சாலைக்கு அவர் பெயர். பயிற்சிக் கூடத்துக்கும் அவர் பெயர். நான் வாரத்துக்கு இரண்டு தடவை அந்தச் சாலையில் சிக்னலில் நிற்கிறேன். அவருக்குப் பிறகு வந்தவர்களில் ஜிம் டிரெஸ்ஸல் 2002-இல் பட்டம் வாங்கிக் கொடுத்தார்; 2011-இல், ஆட்டக்காரர்கள் பரிசுப் பொருள்களைப் பச்சை குத்தும் கடையில் கொடுத்துக் காசும் பச்சையும் வாங்கிய விவகாரத்தை மறைத்ததற்காகப் பதவி விலகினார். அர்பன் மேயர் 2014-இல் பட்டம் வாங்கினார். மனைவியைத் துன்புறுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட உதவியாளரைக் கையாண்ட விதத்துக்காக 2018-இல் மூன்று ஆட்டம் நிறுத்திவைக்கப்பட்டார். அப்போதும் ஊர்வலம் போனார்கள், பயிற்சியாளருக்கு ஆதரவாக. அந்தச் செய்தியைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

பாமன் என்ன ஆனார்? தேடினால் அதிகம் கிடைக்கவில்லை. அந்த ஒரு நொடியைப் பற்றி அதிகம் பேச அவர் விரும்பியதில்லை. ஹேய்ஸின் வாழ்க்கையைப் பற்றி ஓர் அலமாரி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. அந்த அலமாரியில் பாமனுக்குக் கிடைத்தது, பந்தைப் பிடித்தான், குத்து வாங்கினான் என்ற இரண்டு வரி. போன வருடம் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். "நல்ல பையன். கடைசிவரைக்கும் வுடியைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை" என்றார். உண்மையான மரியாதையோடுதான் சொன்னார். எனக்கு வேறு கேள்வி இருந்தது, ஆனால் பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது, அவர் குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்கப் போய்விட்டார்.

இந்த ஜனவரியில் எங்கள் பி.டி. சார் இறந்துபோனார். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்த பத்து நிமிடத்தில் நூறு மெசேஜ். கண்டிப்பான மனிதர், தங்கமான மனசு, அவர் அடித்த அடிதான் இன்றைக்கு நம்மை ஆளாக்கியது, அந்த மாதிரி ஆசிரியர்கள் இப்போது எங்கே. யாரோ பிரம்புச் சத்தத்தை எழுத்தில் எழுதிப் போட, வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நானும் போட்டேன். அந்த ஷூ கதையை எழுதியதும் நான்தான்: ஏழைப் பையனுக்குச் சொந்தக் காசில் ஷூ வாங்கித் தந்தார், யாருக்கும் தெரியாமல். எழுபது பேர் லைக் போட்டார்கள்.

ரிலேயில் கடைசி ஓட்டம் ஓடியவன் அந்தக் குழுவில்தான் இருக்கிறான். கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மறுநாள் தனியாக மெசேஜ் போட்டேன்: "மச்சான், சார் போயிட்டாரே, பார்த்தியா? உன் ஷூ கதையைத்தான் போட்டேன்."

வெகு நேரம் கழித்துப் பதில் வந்தது.

"பார்த்தேன்டா. நல்லா எழுதியிருந்தே. அந்த ஷூ ஒரு சைஸ் சின்னது. சொல்லப் பயந்துக்கிட்டு அதையே போட்டு ஓடினேன்."